நோவெல்லாவின் பெட்டியை எடுத்தவர்

வெர்லின் டக்கெட்டைக் கெட்டவர் என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. அவரைத் தோற்கடித்தவர்கள்கூடச் சொன்னதில்லை. "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஆனாவுக்கு அப்புறம் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோல்டர் எங்கள் ஊர். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து மலைப்பக்கம். நடுவில் கோர்ட்டு, அதைச் சுற்றி நாலு புறமும் கடைகள். சாப்பாட்டுக் கடைக்கும் இரும்புச் சாமான் கடைக்கும் நடுவே இடுங்கின மாதிரி வெர்லினின் ஆபீஸ். காலையில் நான் கோர்ட்டைப் பெருக்கித் துடைப்பேன், மத்தியானம் அவர் ஆபீஸைத் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே சபையில் பாடுவோம். அவர் மனைவி ஜுவனெல்லும் நானும் ஒரே வரிசையில் உட்காருவோம்.

மரம் அறுக்கும் மில்லில் இரண்டு விரலைக் கொடுத்த தகப்பனுக்குப் பிறந்தவர் அவர். தலைநகரத்தில் போய்ச் சட்டம் படித்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிட, இவர் மட்டும் திரும்பி வந்தார். தனி வக்கீல். பின்னால் பெரிய கம்பெனியும் கிடையாது, சர்க்கார் சம்பளமும் கிடையாது. வேலித் தகராறு, உயில், விவாகரத்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பையன்கள் என்று வருகிறதைப் பார்ப்பார். வக்கீல் வைக்க வழியில்லாதவனுக்குக் கோர்ட்டே ஒரு வக்கீலை நியமிக்கும் அல்லவா, அப்படி நியமிக்கிறபோதெல்லாம் பழைய ஜட்ஜ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெர்லின், நீ சும்மாதானே இருக்க?" என்பார். வெர்லின் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. ஆனாலும் எழுந்து வருவார்.

அவர் மேஜையில் எப்போதும் கண் துடைக்கிற காகிதக் கைக்குட்டை டப்பா ஒன்று இருக்கும். அதைத் தீரத் தீர மாற்றி வைப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். யார் எதற்கு அழுதார்கள் என்று அவர் வாயிலிருந்து ஜுவனெல்லுக்குக்கூட வந்ததில்லை.

பழைய ஜட்ஜுக்கு முட்டிவலி வந்து ஓய்வெடுக்கப் போகிறார் என்று தெரிந்தது. எங்கள் பக்கம் ஜட்ஜை ஓட்டுப் போட்டுத்தான் எடுப்போம். சர்க்கார் தரப்பில் வாதாடுகிற கிரேடி ஸ்டால்கப் மறுநாளே நிற்பதாக அறிவித்துவிட்டான். ஒரு வாரம் கழித்து வெர்லினும் நிற்கிறேன் என்றார்.

அன்று நான் ஜுவனெல்லின் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கால் வீங்கி அவள் நாற்காலியில் இருந்தாள்.

"வெர்லின், இதோ பாரு," என்றாள். "கிரேடியை எதிர்த்து நின்னு நீ தோத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தோத்தா தோத்தேன். திரும்ப ஆபீஸுக்குப் போவேன்."

"எந்த ஆபீஸுக்கு? தினமும் அவன் முன்னாலதானே போய் நிக்கணும். ஜட்ஜுக்குப் பிடிக்காத வக்கீல்கிட்ட எவன் கேஸைக் குடுப்பான்? நானே குடுக்க மாட்டேன், நான் உன் பொண்டாட்டி."

வெர்லின் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷமா அந்த உயரமான நாற்காலிக்குக் கீழே நின்னு, இவனைக் கொஞ்சம் மனுஷனாப் பாருங்கய்யான்னு கெஞ்சியே தொண்டை போச்சு. ஒரு தடவை மேலே உட்கார்ந்து பார்க்கிறவனா இருக்கணும் ஜுவனெல். கிரேடி உட்கார்ந்தா, கெஞ்சறதுக்குக்கூட ஆள் இருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். "சிஸ்டர் வானிடா, நீயாவது சொல்லேன்."

நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பண்ணவும் பண்ணினேன்.

கிரேடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல உயரம், நல்ல குரல். சபையில் கீழ்ச் சுருதியில் பாடுவான். ஊரில் எல்லாருடைய நாய்க்கும் பெயர் தெரியும் அவனுக்கு. யாரையாவது குத்திக் காயப்படுத்துவதென்றால் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் செய்வான். குத்து வாங்கியவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் தடவிப் பார்ப்பார்.

குளிர்காலம் முடியும் முன்பே இரண்டு பேரும் சுற்ற ஆரம்பித்தார்கள். சாவு வீடு, மீன் வறுவல் விருந்து, ஆட்டக்களம் எதையும் விடவில்லை. இந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று காட்டுகிற பெயர்ப் பலகைகள் முற்றம் முற்றமாக முளைத்தன. ஜுவனெல்லால் நடக்க முடியாததால் வெர்லினோடு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிற அட்டை கொடுக்க நான் போனேன். ஜனங்கள் நன்றாகத்தான் பேசினார்கள். பந்தயம் சரிசமம் என்று சாப்பாட்டுக் கடையில் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் பெட்டி ஏலம் வந்தது.

தீயணைப்புக் கொட்டகையில் வருஷா வருஷம் நடக்கும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போடுவார்கள். ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பெட்டியில் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டி, துணியோ ரிப்பனோ சுற்றிக் கொண்டுவருவோம். யார் பெட்டி என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். பெட்டியை ஏலத்தில் எடுத்தவர், அதைக் கட்டியவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஊர் பார்க்கச் சாப்பிட வேண்டும். கேட்க ஆளில்லாத பெட்டி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். ஏலம் விடுகிற பஸ்டர் கெயின்ஸ் அதை, "என் வயித்துக்கு ஒரு டாலர்!" என்று தொப்பையைத் தட்டித் தானே எடுத்துக்கொண்டு, சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். கட்டியவளுக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை. பஸ்டரை அதற்காகவே வைத்திருந்தோம்.

அந்த வருஷம் நோவெல்லா க்ரிம்மும் பெட்டி கொண்டுவந்தாள். அவள் மகன் டஸ்டின் மூன்று வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, லேன் என்ற பையனை மோதிக் கொன்றுவிட்டான். லேன் எங்கள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணிக்குத் தலைவன். ஊரே செல்லமாக வைத்திருந்த பிள்ளை. டஸ்டினுக்கு வக்கீலாகக் கோர்ட்டு நியமித்தது வெர்லினை. எதிர்த்து வாதாடியவன் கிரேடி. கிரேடி கேட்ட தண்டனையில் பாதிதான் கிடைத்தது. டஸ்டின் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அன்று முதல் நோவெல்லா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பாஸ்டர்தான் வீட்டுக்குப் போய், "வாம்மா, எவ்வளவு நாள் இப்படி இருப்ப?" என்று கூப்பிட்டிருந்தார். அவளும் வந்து, கடைசி மேஜையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் லேனின் அப்பாவும் அம்மாவும்.

நீலப் பூப்போட்ட துணி சுற்றிய பெட்டியைப் பஸ்டர் தூக்கினார். அது யார் பெட்டி என்று தெரிந்து கொட்டகையே அடங்கிவிட்டது.

"நல்ல கனம். கோழி வாசனை ஆளைத் தூக்குது. யாருப்பா ஆரம்பிக்கிறது?"

யாரும் வாய் திறக்கவில்லை. பஸ்டர் விவரமானவர். இழுக்கவில்லை.

"சரி, என் வயித்துக்கு ஒரு..."

"இருங்க பஸ்டர் அண்ணே, என்ன அவசரம்?" என்றான் கிரேடி, பாடுகிற அதே குரலில். "இந்தக் கைச் சமையலை ருசி பார்த்தவங்க இங்கேயே இருக்கும்போது நீங்க ஏன் எடுக்கணும்? பிரதர் வெர்லின், அந்தக் கேஸ் நடந்தப்போ அந்த வீட்டுக்கு எத்தனை நடை நடந்தீங்க! ஒரு வாய் காப்பியாவது குடுக்காமயா இருந்திருப்பாங்க?"

அங்கங்கே சிரித்தார்கள். ஜுவனெல் வெர்லினின் கோட்டுக் கையைப் பிடித்தாள். "கையைத் தூக்கினே, அவ்வளவுதான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "சும்மா சிரிச்சுட்டு உட்காரு. பஸ்டர் பார்த்துக்குவார்."

வெர்லின் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் திரும்பி நோவெல்லாவைப் பார்த்துவிட்டார். அவள் மோவாய் நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அந்த நடுக்கத்துக்கு எழுந்து நின்றே பழகின உடம்பு அவருக்கு. கை தானாக மேலே போனது.

"வித்தாச்சு," என்றார் பஸ்டர், சுத்தியலைத் தட்டாமலே.

நடு மேஜையில்தான் உட்கார வேண்டும், அதுதான் முறை. நோவெல்லா சுவரோரத்திலிருந்து எழுந்து அவ்வளவு பேருக்கும் நடுவே நடந்து வந்தாள். வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டார். தலை குனிந்து ஜெபித்தார். பெட்டியைத் திறந்தார். பொரித்த கோழி, மோர் ரொட்டி, உலர்ந்த ஆப்பிள் வைத்துப் பொரித்தது. எதை வைத்தாலும் சாப்பிடுகிற மனிதர். சாப்பிட்டார். யாரோ படம் பிடித்தார்கள். ஒரு கோழிக்கால் வாயருகே இருந்தது.

லேனின் அம்மா எழுந்தாள். குளிர்கோட்டைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். வாசலுக்குப் போக வேறு வழி இருந்தது. அந்த மேஜை வழியாகத்தான் போனாள். நின்றாள்.

"வெர்லின்," என்றாள் மெதுவாக. "எங்க லேனுக்கும் கோழின்னா உயிரு."

அவள் போனதும் லேனின் அப்பா வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையன் கேஸ் உன் முன்னால வந்திருந்தா எத்தனை வருஷம் குடுத்திருப்ப?"

வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணே, ஜட்ஜுக்கு நிக்கிறவன் அதைச் சொல்லக் கூடாது. எந்தக் கேஸையும்... அது விதி."

"எப்படிச் சொல்லுவாரு? வாயில கோழி இருக்கே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். கிரேடி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் லேனின் அப்பாவைத் தோளோடு அணைத்து, "நான் சொல்ல வேண்டியதே இல்லண்ணே, நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும்," என்றான்.

நோவெல்லா அத்தனையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது.

அந்த வாரம் எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒரு அட்டை விழுந்தது. வெர்லின் கோழிக்காலைக் கடிக்கிற படம், பக்கத்தில் நோவெல்லா. கீழே ஒரே வரி: "லேனை நாங்கள் மறக்கவில்லை." கிரேடியின் பெயர் சின்னதாக மூலையில். பாஸ்டரிடம் நான் போய் அழுதேன். "சட்டப்படி அதில ஒரு பொய்யும் இல்லையே சிஸ்டர்," என்றார் அவர்.

அதற்கப்புறம் கதவுகள் பாதிதான் திறந்தன. வெர்லினிடம் உட்கார்ந்து அழுதவர்களே அவர் முகத்தைப் பார்க்காமல் அட்டையை வாங்கினார்கள். முன்பு விவாகரத்துக்கு வந்த ஒரு பெண் அவரைக் கண்டதும் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் இரண்டாம் புருஷன் வாசலில் நின்று, "அவ வீட்டில இல்ல," என்றான். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. வெர்லின், "பரவாயில்லப்பா, நான் வந்தேன்னு சொல்லு," என்று திரும்பினார். ஆபீஸ் டப்பாவில் அந்த மாதம் காகிதக் கைக்குட்டை குறையவே இல்லை.

ஓட்டுக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் ஆற்றுப்பாதையில் போனோம். நோவெல்லா வீடு அந்த வளைவில்தான் இருக்கிறது. ஊருக்குள் போகிற எல்லா வண்டியும் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். முற்றத்தில் பலகை நட்டிருந்தது. கிரேடி ஸ்டால்கப்.

வெர்லின் வண்டியை நிறுத்திவிட்டார்.

"வேண்டாம் பிரதர்," என்றேன். "விடுங்க."

"இவளை யாரோ மிரட்டியிருக்காங்க சிஸ்டர். கேட்டுட்டு வரேன்."

நானும் இறங்கினேன். நோவெல்லா கம்பிவலைக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"மிஸ் நோவெல்லா, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"யாரும் கட்டாயப்படுத்தல. அவர் வந்தாரு. நட்டுக்கட்டுமான்னு கேட்டாரு. நட்டுக்கங்கன்னேன்."

"கிரேடியா? உங்க பையனை..."

"என் பையனை என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியும் வக்கீலய்யா." அவள் குரல் உயரவில்லை. "இந்தப் பலகை வந்ததும் கடையில ரெண்டு பொம்பளைங்க என்கிட்டப் பேசினாங்க. மூணு வருஷத்தில முதல் தடவை. வண்டியில போறவங்க கை காட்டறாங்க. உங்களுக்கு அது தெரியாது."

வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு யாருமே கேக்கலைன்னுதான் நான்..."

"பஸ்டர் வாயைத் திறந்துட்டாரே! ஒரு டாலருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே! ஒரு நொடி. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாங்க, நான் சுவரோரமா உட்கார்ந்து மத்தவங்க சாப்பிடறதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அதுக்குத்தான் வந்தேன். என்னை நடுவில கொண்டுவந்து உட்கார வெச்சது கிரேடி இல்ல. நீங்க."

"மிஸ் நோவெல்லா..."

"என்னை யாரு காப்பாத்தச் சொன்னா உங்களை? கோர்ட்டா?"

அவள் உள்கதவையும் சாத்திவிட்டாள். வண்டியில் ஏறினோம். நான் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. "அவ சொல்றது சரிதான் சிஸ்டர்," என்றார் வெர்லின், சாவியைத் திருகிக்கொண்டே. மிச்ச வீடுகளுக்கு நாங்கள் போகவில்லை.

தோற்றார். கொஞ்சத்தில் தோற்கவில்லை. எங்கள் சபைக் கூடத்தில் வைத்த ஓட்டுப் பெட்டியிலேயே கிரேடிக்குத்தான் அதிகம் விழுந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிரேடி எல்லார் முன்னாலும் வந்து வெர்லினைக் கட்டிக்கொண்டான். "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க பிரதர். நாம ஒண்ணாத்தானே இருந்தாகணும்." சுற்றியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஒரு அம்மாள் என் காதில் சொன்னாள். ஜுவனெல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுவனெல் சொன்னது அப்படியே நடந்தது. காசு கொடுத்து வக்கீல் வைக்க முடிந்தவர்கள் மலைக்கு அந்தப்பக்க ஊருக்குப் போனார்கள். வெர்லினின் ஆபீஸில் தூசிதான் துடைத்தேன். வக்கீலைத் தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்கள், கோர்ட்டு நியமிக்கிறவர்கள், அவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

புது வருஷம் பிறந்து கிரேடி அங்கி போட்ட முதல் நாள் கோர்ட்டு நிறைந்திருந்தது. ஜூரிக்கு ஆள் எடுக்கிற நாள். ஊரில் பாதிப் பேருக்கு அழைப்பு வந்திருந்தது. மூன்றாம் வரிசையில் நோவெல்லா புது ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கதவருகே வாளியோடு நின்றேன்.

"எல்லாரும் எழுந்திருங்க!"

எழுந்தோம். முதலில் எழுந்தவர் வெர்லின்தான். கிரேடி ஏறி உட்கார்ந்து, எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினான். வெர்லின் பாதி உட்கார்ந்தபோது, "டக்கெட் சார், நீங்க மட்டும் நில்லுங்க. உங்க கட்சிக்காரன் கேஸ்தான் முதல்ல," என்றான். நின்றார். கிரேடி காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். அவசரமே இல்லை அவனுக்கு. அப்புறம் தலையைத் தூக்கினான்.

"ரொம்ப நேரமாகும் போலிருக்கு. காலையில சாப்பிட்டீங்களா சார்? இல்ல, யாரையாவது பெட்டி கட்டிக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

கோர்ட்டு சிரித்தது. வெர்லினும் சிரித்தார். நான் நோவெல்லாவைத்தான் பார்த்தேன். பக்கத்திலிருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். நோவெல்லா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.

வெர்லினுக்குப் பக்கத்தில் ரோனி பிக்ஸ் உட்கார்ந்திருந்தான். செம்புக் கம்பி திருடினான் என்று வழக்கு. ஜட்ஜைப் பார்த்தான், சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தான், தன் வக்கீலைப் பார்த்தான். சிரிப்பு அடங்கியதும் கையைத் தூக்கினான்.

"ஜட்ஜய்யா, எனக்கு வேற வக்கீல் குடுப்பீங்களா? இவரை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

கிரேடி முன்னால் சாய்ந்து, ரொம்பக் கனிவாகச் சொன்னான்: "முடியாதுப்பா. இந்தக் கவுண்ட்டியில இவரைவிட நல்ல வக்கீல் யாரும் கிடையாது. வேணும்னா ஊர்ல யாரையும் கேட்டுப் பாரு."

அது நிஜம். அதனால்தான் மறுபடியும் அவ்வளவு பலமாகச் சிரித்தார்கள்.

"நன்றி, யுவர் ஆனர்," என்றார் வெர்லின். குனிந்து ரோனியின் காதில் ஏதோ சொன்னார். ரோனி தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டான்.